வேலையைத் தாமாக விட்டவருக்குத் தொழில் காப்புறுதி கிடைக்குமா?

ஒன்ராறியோவில் பணிபுரிவோர் விலகல் கடிதம் எழுதுவதற்கு முன் அறிந்திருக்க வேண்டியவை

"வேலையைத் தாமாக விட்டவருக்கு ஈஐ கிடையாது" என்பது நம்மவரிடையே பரவலாக நிலவும் ஒரு கருத்து. "இத்தனை ஆண்டுகள் காசு கட்டியிருக்கிறேன், எப்படி விலகினாலும் தரத்தான் வேண்டும்" என்பது மற்றொரு கருத்து. இரண்டும் தவறானவை. முதலாவதை நம்புவோர் தமக்கு உரிய கொடுப்பனவைக் கேளாமலேயே விட்டுவிடுகின்றனர். இரண்டாவதை நம்புவோர் எவ்வித ஆயத்தமுமின்றி வேலையை விட்டுவிட்டு, அடுத்த மாத வாடகைக்கு வழி தெரியாமல் தவிக்கின்றனர்.

தொழில் காப்புறுதி நகரசபையின் திட்டமன்று; சமஷ்டி அரசின் திட்டம். அதனை நடைமுறைப்படுத்துவது சேர்விஸ் கனடா. ஆயினும், மறுப்புக் கடிதம் கைக்கு வந்தபின் அதன் பொருளை அறியப் பலரும் முதலில் நாடி வருவது நகரசபையின் மொழிச் சேவையையே. அக்கடிதங்களைத் தமிழில் வாசித்துக் காட்டும் பணியில் திரும்பத் திரும்பப் புலப்படும் உண்மை ஒன்று உண்டு: விலகிய பின் ஒருவர் கூறும் விளக்கத்தைவிட, விலகுவதற்கு முன் அவர் செய்தவையே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இக்கட்டுரை, ஏற்கெனவே வேலையை விட்டவர்களுக்கு மட்டுமன்றி, விடலாமா என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்காகவும் எழுதப்படுகிறது.

இது காப்புறுதி, நிபந்தனைகள் உண்டு

உங்கள் சம்பளச் சிட்டையில் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு தொகை தொழில் காப்புறுதிக்காகக் கழிக்கப்படுவதைக் கண்டிருப்பீர்கள். 2025ஆம் ஆண்டில் கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் இது ஒவ்வொரு 100 டொலர் வருமானத்துக்கும் 1.64 டொலராக இருந்தது. தொழில்தருநர் அதன் 1.4 மடங்கைச் செலுத்துகின்றார். வேலையிழந்தவருக்கு அவரது சராசரி வாராந்த வருமானத்தில் 55 வீதம் வழங்கப்படுகிறது. 2025ஆம் ஆண்டுக்கான உச்சத்தொகை வாரத்துக்கு 695 டொலர். பொதுவாக 14 முதல் 45 வாரங்கள் வரை இக்கொடுப்பனவைப் பெறலாம்.

இதற்கு மூன்று அடிப்படை நிபந்தனைகள் உள்ளன. முதலாவது, பெரும்பாலும் கடந்த 52 வாரங்களுக்குள் போதிய மணிநேரம் காப்புறுதிக்குரிய வேலை செய்திருக்க வேண்டும். நீங்கள் வாழும் பிராந்தியத்தின் வேலையின்மை வீதத்துக்கேற்ப இது 420 முதல் 700 மணிநேரம் வரை வேறுபடும். இரண்டாவது, வேலை செய்ய ஆயத்தமாகவும் இயலுமான நிலையிலும் இருந்து, வேலை தேடிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவது, வேலையை இழந்த காரணம் உங்கள் தவறாக இருத்தலாகாது. ஆட்குறைப்பு, பருவகால வேலை முடிவு, நிறுவனம் மூடப்படுதல் ஆகியவற்றில் இந்த மூன்றாம் நிபந்தனை பிரச்சினையாவதில்லை. தாமாக விலகியவருக்கோ இதுவே முழுப் பிரச்சினையுமாகும்.

நியாயமின்றி விலகினால் இழப்பது எவ்வளவு?

தொழில் காப்புறுதிச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி, நியாயமான காரணமின்றித் தாமாக வேலையை விட்டவர் வழமையான கொடுப்பனவைப் பெறும் தகைமையை இழக்கின்றார். சில வாரங்கள் தாமதமாகக் கிடைக்கும் என்பதன்று இதன் பொருள். முற்றாகக் கிடைக்காது என்பதே பொருள். அத்துடன், அவ்வேலையிலும் அதற்கு முந்திய வேலைகளிலும் சேர்த்த மணிநேரங்களைத் தகைமைக்காகக் கணக்கிட முடியாது. மீண்டும் தகைமை பெற, வேறு வேலையில் சேர்ந்து தேவையான மணிநேரங்களைப் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

எண்பதுகளின் இறுதியில் இந்நாட்டுக்கு வந்த மூத்தோர் சிலர், "விட்டாலும் சில வாரம் பொறுத்தால் கிடைக்கும்" என்று கூறுவதுண்டு. அவர்கள் கூறுவது அன்றைய சட்டத்துக்குப் பொருந்தும். அக்காலத்தில் தண்டனை சில வாரக் கொடுப்பனவை இழப்பதோடு முடிந்தது. 1993 ஏப்ரலில் சட்டம் திருத்தப்பட்டு, முழுமையான தகைமையிழப்பு நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய அனுபவத்தை வைத்துத் தரப்படும் ஆலோசனையைப் பின்பற்றி எவரும் வேலையை விட்டுவிடலாகாது.

இரண்டு இடங்களில் வேலை செய்பவர்கள் மேலும் கவனமாக இருத்தல் வேண்டும். விண்ணப்பத்தில், கடந்த 52 வாரங்களில் செய்த எல்லா வேலைகளையும் குறிப்பிட்டு, ஒவ்வொன்றையும் விட்ட காரணத்தைக் கூறவேண்டியிருக்கும். வார இறுதியில் செய்த சிறு வேலையை "களைப்பாக இருக்கிறது" என்று விட்டது, பின்னர் முழுநேர வேலையில் ஆட்குறைப்புக்கு உள்ளாகும்போது ஒரு கேள்வியாக எழக்கூடும்.

நல்ல காரணம் வேறு. நியாயமான காரணம் வேறு

சட்டத்திலுள்ள "ஜஸ்ட் கோஸ்" என்னும் தொடரை "நியாயமான காரணம்" என்று தமிழில் எழுதுகிறோம். இம்மொழிபெயர்ப்பு சற்றே ஏமாற்றக்கூடியது. நம் அன்றாடப் பேச்சில், கேட்பவர் "சரிதான்" என்று தலையசைக்கும் எந்தக் காரணமும் நியாயமானதே. சட்டம் அவ்வாறு பார்ப்பதில்லை.

1985ஆம் ஆண்டில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு ஒன்று இதனைத் தெளிவாக்குகிறது. இளம் தொழிலாளருக்கு இடம் விடும் வகையில் வயதில் மூத்த தொழிலாளர் சிலர் முன்கூட்டியே ஓய்வுபெற்றனர். அவர்கள் செய்தது பாராட்டத்தக்க செயல் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும், விலகுவதற்கு ஒரு காரணம் இருப்பதும், விலகியதன் சுமையைக் காப்புறுதி நிதியின்மீது ஏற்றுவதற்கு நியாயம் இருப்பதும் ஒன்றல்ல என்று நீதிமன்றம் விளக்கியது.

சட்டத்தின் 29ஆம் பிரிவு கேட்கும் கேள்வி இதுதான்: எல்லாச் சூழ்நிலைகளையும் கருத்திற்கொண்டு பார்க்கும்போது, அந்நேரத்தில் வேலையை விடுவதைத் தவிர இவருக்கு ஏற்கத்தக்க வேறு வழி இருந்ததா? இல்லையெனில், அதுவே நியாயமான காரணம். வேறு வழி இருந்தும் முயலாமல் விலகியிருந்தால், காரணம் எவ்வளவு மனத்தை உருக்குவதாயினும் கோரிக்கை தோற்கும். மேற்படிப்புக்காகத் தாமாக வேலையை விடுவோரின் நிலையும் இதுவே. உரிய அதிகாரபீடம் அப்பயிற்சிக்கு அனுப்பிவைத்தாலன்றி, கல்வி எத்துணை உயர்ந்த நோக்கமாயினும், அது பொதுவாக இச்சட்டத்தின்கீழ் நியாயமான காரணமாவதில்லை.

சட்டம் குறிப்பிடும் சூழ்நிலைகள்

29ஆம் பிரிவு பின்வரும் சூழ்நிலைகளைப் பெயர்குறித்துச் சொல்கிறது:

• பாலியல் தொந்தரவு அல்லது வேறுவகைத் தொந்தரவு
• வாழ்க்கைத்துணையுடன் அல்லது தங்கிவாழும் பிள்ளையுடன் வேறு வதிவிடத்துக்குச் செல்லவேண்டிய கடப்பாடு
• இனம், நிறம், சமயம், பால் போன்ற காரணங்களால் பாகுபாடு
• உடல்நலத்துக்கு அல்லது பாதுகாப்புக்கு ஆபத்தான வேலைச் சூழல்
• பிள்ளையை அல்லது நெருங்கிய குடும்பத்தவரைப் பராமரிக்கவேண்டிய கடப்பாடு
• மிக விரைவில் வேறு வேலை கிடைக்கும் என்ற உறுதி
• சம்பள நிபந்தனைகளில் பெரும் மாற்றம்
• அளவுக்கு மிஞ்சிய மேலதிக நேர வேலை, அல்லது மேலதிக நேரத்துக்குச் சம்பளம் தர மறுத்தல்
• வேலைக் கடமைகளில் பெரும் மாற்றம்
• மேற்பார்வையாளருடன் பகைமை. ஆனால் அப்பகைமைக்கு முதன்மைப் பொறுப்பு உங்களுடையதாக இருத்தலாகாது
• தொழில்தருநரின் சட்டவிரோத நடைமுறைகள்
• தொழிற்சங்க உறுப்புரிமை காரணமான பாகுபாடு
• விலகுமாறு தொழில்தருநர் கொடுக்கும் தகாத அழுத்தம்
• ஒழுங்குவிதிகள் குறிப்பிடும் ஏனைய சூழ்நிலைகள்

இப்பட்டியலை வாசிக்கும்போது இரண்டு விடயங்களை மனத்திற்கொள்ள வேண்டும். ஒன்று, இப்பட்டியல் முழுமையானதன்று. உங்கள் நிலைமை இதில் இல்லையென்பதால் மட்டும் உரிமை இல்லாமற்போவதில்லை. மற்றொன்று, உங்கள் நிலைமை பட்டியலில் இருப்பதனால் மட்டும் உரிமை தானாக வந்துவிடுவதுமில்லை. "வேறு வழி இருந்ததா?" என்ற கேள்விக்கு எல்லோரும் விடை கூறியாக வேண்டும்.

இருவர் விலகினர், ஒருவரது கோரிக்கையே வலுவானது

ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். உணவு பொதியிடும் தொழிற்சாலை ஒன்றில் இருவர் வேலை செய்கின்றனர். மேலதிக நேரத்துக்கு உரிய சம்பளம் மூன்று மாதங்களாக இருவருக்கும் தரப்படவில்லை.

முதலாமவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் மனம் வெறுத்து, "தனிப்பட்ட காரணங்களால் விலகுகிறேன். இதுவரை தந்த வாய்ப்புக்கு நன்றி" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வீடு சென்றார்.

இரண்டாமவர் தாம் வேலை செய்த மணிநேரங்களை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். முகாமையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிச் சம்பளத்தைக் கேட்டார். மறுமொழி கிடைக்காததால் இரண்டாம் முறையும் எழுதினார். ஒன்ராறியோ தொழில் அமைச்சில் முறைப்பாடு செய்தார். இடையே வேறு இடங்களுக்கும் விண்ணப்பித்தார். நிலைமை மாறாதபோது, நிலுவைச் சம்பளம் தரப்படாமையைக் குறிப்பிட்டு விலகல் கடிதம் கொடுத்தார்.

இருவருக்கும் இழைக்கப்பட்ட அநீதி ஒன்றே. ஆயினும், ஆணைக்குழுவின் அலுவலர் முன் இரண்டாமவர் தமது கோரிக்கையை ஆதாரத்துடன் நிலைநாட்டலாம். முதலாமவரோ தமது கையெழுத்துடனேயே அதற்கு எதிரான சான்றைக் கொடுத்துவிட்டார்.

வழி எதுவும் இல்லாத நிலைகளும் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். உடனடி ஆபத்து இருக்கும் இடத்தில், அல்லது தொந்தரவு செய்பவரே நிறுவனத்தின் உரிமையாளராகவும் இருக்கும் இடத்தில், அங்கேயே தங்கி மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை. அத்தகைய நிலையில் என்ன நடந்தது, ஏன் பொறுத்திருக்க இயலவில்லை என்பதை விலகியவுடன் திகதியிட்டு எழுதிவைப்பதே முக்கியம்.

"தனிப்பட்ட காரணங்கள்" என்ற தொடர்

நம்மவர் பிறர்மீது குற்றம் சொல்லி வெளியேறுவதைப் பண்பற்ற செயலாகக் கருதுவர். நாளை நற்சான்று கேட்கவேண்டி வருமே என்ற அச்சமும் உண்டு. வீட்டு விடயத்தை அலுவலகத்தில் ஏன் சொல்வது என்ற தயக்கமும் உண்டு. ஆகவே விலகல் கடிதத்திலும், பின்னர் விண்ணப்பப் படிவத்திலும், அலுவலரின் தொலைபேசி அழைப்பிலும் "தனிப்பட்ட காரணங்கள்" என்றே கூறிவிடுகின்றனர்.

இத்தொடருக்குள் எதுவும் அடங்கலாம். ஆகவே இது எதனையும் நிரூபிப்பதில்லை. யாரையும் பழிக்காமலே உண்மையை எழுதலாம். "ஜனவரி 15 முதல் எனது சம்பளம் மணிக்கு 3 டொலர் குறைக்கப்பட்டது. இரண்டு முறை கேட்டும் மாற்றம் ஏற்படவில்லை. ஆகவே விலகுகிறேன்" என்று எழுதுவதில் பண்புக்குறைவு எதுவுமில்லை. ஏற்கெனவே வேறுவிதமாக எழுதிக் கொடுத்துவிட்டீர்களாயின், விண்ணப்பத்தில் உண்மைக் காரணத்தைக் கூறி, கடிதத்தில் அதனை ஏன் குறிப்பிடவில்லை என்பதையும் விளக்குங்கள்.

இதற்கு மறுதலையான தவறும் உண்டு. தாமாக விலகிவிட்டு, "வேலை குறைந்துவிட்டது என்று போட்டுவிடுங்கள்" என்று தொழில்தருநரைக் கேட்பது அது. தொழில்தருநர் சமர்ப்பிக்கும் தொழிற்பதிவு ஆவணத்தில் (ஆர்.ஓ.ஈ.) ஒவ்வொரு காரணத்துக்கும் ஓர் எழுத்து உண்டு: வேலைக் குறைவுக்கு "ஏ", தாமாக விலகியதற்கு "ஈ", வேலைநீக்கத்துக்கு "எம்". பொய்யான எழுத்து பின்னர் கண்டறியப்பட்டால், பெற்ற பணத்தைத் திருப்பிச் செலுத்துவதுடன் தண்டப்பணமும் கட்டநேரிடும். அடுத்த முறை தகைமை பெறுவதற்குத் தேவையான மணிநேரமும் கூட்டப்படலாம். "ஈ" என்ற எழுத்து இருப்பதாலேயே கோரிக்கை முடிந்துவிடுவதில்லை. உங்கள் விளக்கத்தைக் கேட்ட பின்னரே முடிவு எடுக்கப்படும்.

நமது குடும்பங்களில் அடிக்கடி எழும் நிலைமைகள்

*ஊரிலுள்ள தாய் தந்தையருக்கு நோய்.* யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்கும் தாயார் கடும் நோயுற்றார் என்ற செய்தி வந்தவுடன், வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறுவோர் பலர். குடும்பத்தவரைப் பராமரிப்பது சட்டம் ஏற்கும் சூழ்நிலைதான். ஆனால் கனடாவுக்கு வெளியே இருக்கும் காலத்துக்கு வழமையான கொடுப்பனவு பொதுவாகக் கிடைப்பதில்லை. கடும் நோயுற்ற நெருங்கிய உறவினரைப் பார்க்கச் செல்வது, இறுதிச் சடங்கில் பங்கேற்பது போன்றவற்றுக்குத் தொடர்ச்சியாக 7 நாட்கள் மட்டுமே விலக்கு உண்டு.

எனவே விலகுவதைவிட விடுப்பு எடுப்பதே பெரும்பாலும் மேலானது. ஒன்ராறியோவின் தொழில் நியமங்கள் சட்டம், கடும் நோயுற்ற குடும்பத்தவருக்காக 8 வாரங்கள் வரை பராமரிப்பு விடுப்பும், உயிராபத்தான நிலையிலுள்ள வயதுவந்தவருக்காக 17 வாரங்கள் வரை விடுப்பும், 26 வாரங்களுக்குள் மரணம் நேரக்கூடிய நிலையில் உள்ளவருக்காக 28 வாரங்கள் வரை விடுப்பும் வழங்குகிறது. இவை சம்பளமற்ற விடுப்புகள். ஆனால் வேலை பாதுகாக்கப்படும். இக்காலத்தில் தொழில் காப்புறுதியின் விசேட கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கலாம்: உயிராபத்தான நிலையிலுள்ள வயதுவந்தவரைப் பராமரிக்க 15 வாரங்கள் வரை, இறுதிக்காலப் பராமரிப்புக்கு 26 வாரங்கள் வரை. இவற்றுக்கு 600 மணிநேர வேலையும் வைத்தியச் சான்றிதழும் தேவை. வழமையான கொடுப்பனவைப் போலன்றி, இவற்றை வெளிநாட்டில் இருக்கும்போதும் பெறலாம்.

*உங்களுக்கே உடல்நலக் குறைவு.* முதுகுவலி, மன அழுத்தம் போன்றவற்றால் வேலையைத் தொடர இயலாதவர், விலகுவதற்கு முன் வைத்தியரைக் காண வேண்டும். "வேலையை விடுவது அவசியம்" என்றோ "இன்னின்ன வேலையைச் செய்தலாகாது" என்றோ வைத்தியர் எழுதித்தரும் கடிதம் மிக முக்கியமான சான்று. தொழில் காப்புறுதியின் நோய்க் கொடுப்பனவு 26 வாரங்கள் வரை கிடைக்கும். ஒன்ராறியோவில் 13 வாரங்களேனும் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, 2025 ஜூன் 19 முதல், 27 வாரங்கள் வரை நீண்டகால நோய் விடுப்பு எடுக்கும் உரிமையும் உண்டு. கவனிக்கவேண்டிய மற்றொன்று: தாமாக விலகியதால் வழமையான கொடுப்பனவு மறுக்கப்பட்டவரும், ஏனைய நிபந்தனைகளை நிறைவேற்றினால், நோய், மகப்பேறு போன்ற விசேட கொடுப்பனவுகளைப் பெற இயலும்.

*வாழ்க்கைத்துணையின் இடமாற்றம்.* கணவருக்கோ மனைவிக்கோ கல்கரியிலோ எட்மன்டனிலோ வேலை கிடைத்து, குடும்பம் இடம்பெயர்வது சட்டம் ஏற்கும் காரணம். ஆயினும் புறப்படுமுன், உங்கள் நிறுவனத்துக்கு அந்நகரில் கிளை உண்டா, இடமாற்றம் தருவார்களா, வீட்டிலிருந்து பணியாற்றலாமா என்று எழுத்தில் கேளுங்கள். அங்குள்ள வேலைகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.

*புதிய வேலை கைகூடாமற்போதல்.* வேறு வேலை உறுதியான பின்னர் பழைய வேலையை விட்டீர்கள். புதிய நிறுவனம் பின்வாங்கிவிட்டது. வேலை தருவதாக அனுப்பப்பட்ட கடிதம் அல்லது மின்னஞ்சல், தொடங்கும் திகதியுடன் உங்களிடம் இருந்தால் கோரிக்கை வலுவானது. "வா, பார்த்துக்கொள்ளலாம்" என்ற நண்பரின் வாய்மொழியை உறுதியாகக் கொள்ளுதல் கடினம்.

*"நீயாகவே எழுதிக் கொடு" என்ற வற்புறுத்தல்.* வேலைநீக்கம் செய்வதற்குப் பதிலாக விலகல் கடிதம் கேட்கும் தொழில்தருநரும் உளர். இது தகாத அழுத்தமாகக் கருதப்படலாம். சில வேளைகளில் அது விலகலே அன்று, வேலைநீக்கமே என்றும் வாதிடலாம். எந்த ஆவணத்திலும் அன்றே கையொப்பமிடவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. வீட்டுக்குக் கொண்டுசென்று, ஆலோசனை பெற்ற பின்னர் பதில் கூறுவதாகச் சொல்லுங்கள். வேலைநீக்கம் செய்யப்படுவோருக்குரிய கொடுப்பனவுகளையும் விலகல் கடிதத்தால் இழக்க நேரலாம்.

விலகுவதற்கு முன் செய்யவேண்டியவை

1. பிரச்சினையை முகாமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ போதும்.
2. நடந்தவற்றைத் திகதி, நேரம், உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றுடன் குறித்துவையுங்கள். தமிழிலேயே எழுதலாம்.
3. தொழிற்சங்கம் இருந்தால் அதன் பிரதிநிதியை நாடுங்கள்.
4. வேறு பிரிவு, வேறு நேரமுறை அல்லது விடுப்புக் கேளுங்கள். மறுக்கப்பட்டால், அம்மறுப்பும் சான்றே.
5. உடல்நலம் காரணமாயின் வைத்தியரின் கடிதம் பெறுங்கள்.
6. வேலையில் இருக்கும்போதே வேறு வேலை தேடத் தொடங்கி, விண்ணப்பித்த இடங்களைக் குறித்துவையுங்கள்.
7. சம்பளச் சிட்டைகள், வேலை நேர அட்டவணைகள், வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றின் பிரதிகளை வீட்டில் வைத்திருங்கள். வேலை முடிந்தபின் நிறுவனத்தின் கணினியை நீங்கள் திறக்க இயலாது.

விண்ணப்பிக்கும் முறை

வேலை நின்றவுடன் விண்ணப்பியுங்கள். கடைசி வேலைநாளிலிருந்து 4 வாரங்களுக்கு மேல் தாமதித்தால் கொடுப்பனவை இழக்கக்கூடும். தொழிற்பதிவு ஆவணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இணையத்தளம் வாயிலாகவோ சேர்விஸ் கனடா நிலையத்துக்கு நேரில் சென்றோ விண்ணப்பிக்கலாம். சமூகக் காப்புறுதி இலக்கமும், வங்கிக் கணக்கு விபரமும், கடந்த 52 வாரங்களில் வேலை தந்தோரின் பெயர் முகவரிகளும் தேவைப்படும். வழமையாக முதல் ஒரு வாரம் காத்திருப்புக் காலமாகும். அதன் பின்னர் இரு வாரங்களுக்கு ஒரு முறை அறிக்கை அனுப்பவேண்டும். முடிவு வரும்வரையிலும் இவ்வறிக்கைகளை நிறுத்தலாகாது.

விலகியவரின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலர் பெரும்பாலும் தொலைபேசியில் அழைப்பார். அறியாத எண் என்று தவிர்த்துவிடாதீர்கள். ஆங்கிலத்தில் விரிவாகப் பேசத் தயக்கமாக இருந்தால் அதனை வெளிப்படையாகக் கூறி, மொழியுதவிக்கு ஒருவர் உடனிருக்கும் நேரத்தில் அழைக்குமாறு கேளுங்கள். விளங்காத கேள்விக்கு "யெஸ்" என்று சொல்லிவிடாதீர்கள், அதுவும் பதிவாகும்.

மறுக்கப்பட்டால்

மறுப்புக் கடிதம் முடிந்த முடிவன்று. முடிவு உங்களுக்கு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள், 112ஆம் பிரிவின்கீழ், மீள்பரிசீலனை கோரலாம். இதற்குக் கட்டணம் இல்லை. முதல் விண்ணப்பத்தில் கூறாத விபரங்களையும் புதிய ஆவணங்களையும் இப்போது சேர்க்கலாம். மீள்பரிசீலனையும் பாதகமாயின், அக்கடிதத்தில் குறிப்பிடப்படும் சுயாதீன மேன்முறையீட்டு அமைப்பிடம் 30 நாட்களுக்குள் முறையிடலாம். அங்கு சட்டத்தரணி கட்டாயமில்லை.

நீங்கள் தாமாக விலகினீர்கள் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு ஆணைக்குழுவினுடையது. அதன்பின், விலக நியாயமான காரணம் இருந்தது என்பதைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கவேண்டியதில்லை. நீங்கள் கூறுவது உண்மையாக இருத்தலே கூடுதலான சாத்தியம் என்று காட்டினால் போதும். மேலும், இருதரப்புச் சான்றுகளும் சமமாக இருந்தால், ஐயத்தின் பலனை ஆணைக்குழு விண்ணப்பதாரருக்கே வழங்கவேண்டும் என்று சட்டத்தின் 49ஆம் பிரிவு விதிக்கிறது. அதிகம் அறியப்படாத இந்தப் பிரிவை உங்கள் மீள்பரிசீலனைக் கடிதத்தில் குறிப்பிடத் தயங்காதீர்கள்.

இடைக்காலத்தில்

முடிவுக்குக் காத்திருக்கும்போது கையில் பணமில்லாதவர்கள் ஒன்ராறியோ வேர்க்ஸ் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். இதனை மாநகர, பிராந்திய நிருவாகங்கள் வழங்குகின்றன. ஆயினும், 2025ஆம் ஆண்டில் தனியொருவருக்கான அடிப்படை உச்சத்தொகை மாதத்துக்கு 733 டொலர் மட்டுமே. அதே ஆண்டில் தொழில் காப்புறுதி வாரத்துக்கே 695 டொலர் வரை வழங்கியது என்பதை எண்ணிப் பார்த்தால், விலகல் கடிதத்தின் இரண்டு வரிகளில் எவ்வளவு அடங்கியுள்ளது என்பது விளங்கும்.

உதவி பெற

• சேர்விஸ் கனடா, தொழில் காப்புறுதித் தொலைபேசி: 1-800-206-7218
• உங்கள் பகுதியின் சமூகச் சட்ட நிலையம்: குறைந்த வருமானமுடையோருக்கு இலவச ஆலோசனை
• 211: சமூகச் சேவைகளை அறிந்துகொள்ள, எந்நேரமும்
• நகரசபையின் மொழிச் சேவை: கடிதங்களை வாசித்து விளங்கிக்கொள்ள

கடிதம் வந்தால் அதனை மேசை இழுப்பறையில் வைத்துவிடாதீர்கள். 30 நாட்கள் விரைவில் கடந்துவிடும். இருபத்தொன்பதாம் நாளில் வருவோருக்கும் உதவ முயல்கிறோம். முதல் வாரத்தில் வருவோருக்கு மேலும் நன்றாக உதவ இயலும். விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன் வந்து கேட்போருக்கோ மிக நன்றாக உதவலாம்.

*இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது, சட்ட ஆலோசனையன்று. தொகைகளும் விதிகளும் காலத்துக்குக் காலம் மாறுவன. உங்கள் நிலைமைக்குரிய ஆலோசனையைச் சமூகச் சட்ட நிலையத்தில் அல்லது சட்டத்தரணியிடம் பெறுக.*